ஏற்றுமதி பெருகும்போது வாடிக்கையாளர் மீதான கவனம் கூடுகிறதா, குறைகிறதா?

கேள்வி:
வெளிநாட்டுச் சந்தையில் கடும் போட்டியையும் தரக் கட்டுப்பாடுகளையும் சந்திக்கும் நிறுவனங்கள், வாடிக்கையாளரின் தேவையை முன்பைவிடக் கூர்ந்து கவனிக்கின்றன என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் நான் அறிந்த சில நிறுவனங்களில் ஏற்றுமதி வளர வளர, பொருளைப் பயன்படுத்துபவரைப் பற்றிய பேச்சு குறைந்து, இறக்குமதியாளரின் ஆர்டரும் கப்பல் புறப்படும் தேதியுமே முதன்மையாகிவிட்டன. எது பொதுவான போக்கு?

மறுமொழி 1:
இரண்டும் நடக்கின்றன, எந்த வழியில் விற்கிறார்கள் என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது. சந்தைப்படுத்தல் ஆய்வாளர்களான கோலியும் ஜவோர்ஸ்கியும் 1990இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், வாடிக்கையாளர் தேவை பற்றிய தகவலைத் திரட்டுவது, அதை நிறுவனத்தின் எல்லாத் துறைகளுக்கும் பரப்புவது, அதற்கேற்பச் செயல்படுவது ஆகிய மூன்றையும் சந்தை நோக்கின், அதாவது வாடிக்கையாளர் தேவையை மையமாக வைத்து இயங்குவதன், கூறுகளாக வகுத்தார்கள். முகவர் வழியாக மட்டுமே விற்கும்போது முதல் கூறே அறுந்துவிடுகிறது. பயன்படுத்துபவரின் குறைகள் முகவரிடமே தங்கிவிட, விலையைக் குறைக்கச் சொல்லும் கோரிக்கை மட்டும் தவறாமல் தொழிற்சாலைக்கு வந்து சேர்கிறது.

மறுமொழி 2:
டொயோட்டாவின் வரலாறு இதற்குப் பொருந்தும். அந்நிறுவனம் 1957இல் அமெரிக்காவில் தனது விற்பனை நிறுவனத்தைத் தொடங்கி, டொயோபெட் கிரவுன் காரைக் கொண்டுசென்றது. ஜப்பானியச் சாலைகளுக்காக உருவான அந்தக் கார் அமெரிக்க நெடுஞ்சாலைகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தோற்றது. அமெரிக்க ஓட்டுநர்களை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்ட கொரோனா என்ற கார் 1965இல் வந்த பிறகே விற்பனை உயர்ந்தது. உள்நாட்டில் யாரும் கேள்வி கேட்காத அனுமானங்களை அயல்நாட்டு வாடிக்கையாளர் உடைத்துக் காட்டுகிறார்; வெளிநாட்டு விற்பனையின் மிகப் பெரிய பயன் இதுவே என்று கருதுகிறேன். இடையில் வேறொருவர் இல்லாமல் சொந்த விற்பனை நிறுவனம் இருந்தது அந்தப் பாடத்தை விரைவாகக் கொண்டுசேர்த்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. உள்நாட்டு வாடிக்கையாளரின் நிலை என்னவாகும்? வெளிநாட்டில் கிளை திறக்க வசதியில்லாத சிறு நிறுவனம் என்ன செய்யலாம்?

மறுமொழி 3:
உள்நாட்டு வாடிக்கையாளர்தான் முதலில் பாதிக்கப்படுகிறார். திறமையான பொறியாளர்களும் கடுமையான பரிசோதனையும் ஏற்றுமதிச் சரக்குக்கு ஒதுக்கப்பட, அவருடைய புகார் காத்திருக்கிறது. இது என்னை உண்மையாகவே வருத்தும் போக்கு. சிறு நிறுவனங்கள் விநியோகஸ்தருடன் செய்யும் ஒப்பந்தத்திலேயே, உத்தரவாதக் கோரிக்கைகளையும் திருப்பி அனுப்பப்பட்ட பொருள்களின் விவரங்களையும் மாதந்தோறும் தர வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாம். தம்மைத் தவிர்த்துவிட்டு நேரடியாக விற்கத் தொடங்கிவிடுவார்கள் என்ற அச்சத்தில் பல விநியோகஸ்தர்கள் வாடிக்கையாளர் விவரங்களை மறைக்கிறார்கள். அவர்களுடைய விற்பனைப் பகுதிக்கு நீண்ட கால உரிமையை எழுத்தில் அளித்தால், அந்தத் தயக்கம் பெருமளவு குறையும்.