மறு: 'இளமை மீட்பு ஊசி' என்ற சொல் வேண்டாமே

> கொலாஜன் ஸ்டிமுலேட்டருக்கு 'இளமை மீட்பு ஊசி' என்று போடலாமா? விளம்பரங்களில் அப்படித்தான் வருகிறது.

ஐயா, வணக்கம்.

விளம்பரத்தில் வருகிறது என்பதே நம் கலைச்சொல் பட்டியலில் அதைத் தவிர்க்கப் போதுமான காரணம். இந்த ஊசி எதையும் மீட்பதில்லை. உள்ளே போவது, தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன்கூட இல்லை. ஸ்கல்ப்ட்ரா என்று விற்பது பாலி-எல்-லாக்டிக் அமிலத் துகள். கரையும் தையல் நூலுக்கு நெருங்கிய உறவு. துகளை உடம்பு அந்நியப் பொருளாகக் கண்டு சூழ்ந்துகொள்கிறது. அந்தச் சிறு அழற்சியின் விளைவாகத்தான் தோலின் நார்ச்செல்கள் புதுக் கொலாஜனை உண்டாக்குகின்றன. அதனால் போட்ட அன்றே முகம் மாறிவிடாது, பலன் மாதக்கணக்கில் மெல்ல வரும். ஏறத்தாழ இரண்டு ஆண்டு நிற்கும். வெயில் அதற்காகக் காத்திருக்காது. புற ஊதாக் கதிர் பட்டால் கொலாஜனை வெட்டும் நொதிகள் கிளம்பிவிடும்.

அமெரிக்காவில் 2004இல் இதற்கு முதல் அனுமதி கிடைத்ததே எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களின் ஒட்டிப்போன கன்னங்களுக்காக. முகக் கோடுகளுக்கு 2009இல்தான். இளமைப் பேச்சு பிறகு ஏறியது.

> 'நிரப்பி' என்பதிலேயே இதையும் அடக்கலாமே?

அம்மா, அது சரிவராது. 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாட்டுக் கொலாஜன் ஊசி அசல் நிரப்பி: தானே போய் இடத்தை அடைத்தது, சில மாதங்களில் கரைந்தது. இது அடைப்பதில்லை, சீண்டுகிறது. கால்சியம் ஹைட்ராக்ஸிஅபட்டைட் என்ற இன்னோர் ஊசிப் பொருள் மட்டும் முதலில் அடைத்து, பிறகு சீண்டும். அது எந்தப் பெட்டியிலும் முழுசாக உட்காராது, இருக்கட்டும்.

என் பரிந்துரை: கொலாஜன் தூண்டி. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டால் சுடர் நிமிரும். எண்ணெய் கூடிவிடாது, கொஞ்ச நேரத்தில் மறுபடி தூண்ட வேண்டும். இந்தச் சிகிச்சையும் அப்படித்தான். நுண்ணூசிகளால் தோலைக் குத்திக் காயம் ஆற வைக்கும் முறையை 'நுண்ணூசித் தூண்டல்' என்று இதே குடும்பத்தில் சேர்த்துவிடலாம்.

'ஊக்கி' வேண்டாம் என்பேன். 'வினையூக்கி' படித்த மாணவர், தான் மாறாமல் வேலை மட்டும் பார்க்கும் பொருள் என்று எடுத்துக்கொள்வார். இந்தத் துகளோ மெல்ல மெல்லச் சிதைந்து போய்விடும்.

கொலாஜனுக்கே தமிழ் தேட எனக்கும் ஆசைதான். கிரேக்கத்தில் 'கோல்லா' என்றால் பசை. நம் தச்சர்களின் வச்சிரப் பசையும் தோலைக் காய்ச்சி எடுத்ததுதான். 'வச்சிரப்புரதம்' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மருத்துவர் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு விளங்காதே! அங்கே கொலாஜன் கொலாஜனாகவே இருக்கட்டும்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் 'தூண்டி' என்றே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.