அவுட்போர்டு (படகுக்குப் பின்னாடி மாட்டுற இன்ஜின்) அலறுது, படகு நகர மாட்டேங்குது – அவசரம்

லகூன்_பயணி: முத்துப்பேட்டை லகூன் சுத்திட்டு ஜாம்புவானோடை படகுத்துறைக்குப் பக்கத்துல நிக்கிறோம். ஆக்ஸிலேட்டர் கொடுத்தா இன்ஜின் கத்துது, படகு போகல. அப்படியே மன்னார்குடி வரை ஆத்துல போற திட்டம். என்ன பண்ணலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

கோடியக்கரை_காத்து: எத்தனை எச்.பி.? ஃபைபர் படகா, மரமா? மெதுவா கொடுத்தா நகருதா, அப்பவும் இல்லையா? ரிவர்ஸ்ல? எதையாவது இடிச்சீங்களா?

அலையாத்தி: பாசியோ தங்கூசி நரம்போ சுத்தியிருக்கும், வேற ஒண்ணும் இல்ல. நியூட்ரல்ல நிறுத்தி, ரிவர்ஸ்ல ரெண்டு செகண்ட் கொடுங்க. பாசின்னா அவுந்துடும். நரம்புன்னா அவுராது, கழட்டித்தான் எடுக்கணும்.

துறைமுகம்72: புரொப்பல்லர் காத்து வாங்குது. அதுக்கு மேல உள்ள தட்டு, படகோட அடிமட்டத்துக்குச் சமமாவோ ஓரிரு அங்குலம் கீழயோ இருக்கணும். முன்னாடி எல்லாரும் உக்காந்து பின்பக்கம் தூக்கியிருந்தா இப்படித்தான் அலறும். ஆளுங்களப் பின்னாடி நகர்த்துங்க.

பழைய_சுக்கான்: இதே கேள்வி இங்க எத்தனையோ தடவை வந்தாச்சு, தேடிப் பார்க்கிற வழக்கமே யாருக்கும் கிடையாது. இன்ஜின் விவரம் இல்லாம கேட்டா சோசியம்தான் சொல்லலாம். சின்ன இன்ஜின்னா ஷியர் பின் (மோதினா முதல்ல உடையற சின்ன ஆணி) உடைஞ்சிருக்கும். 8, 10 எச்.பி.க்கு மேலன்னா புரொப்பல்லருக்குள்ள இருக்கிற ரப்பர் புஷ் வழுக்குது. பிளேடு எதுலயாவது மோதினா கியர் உடையக் கூடாதுன்னுதான் அந்த ரப்பரை வச்சிருக்காங்க. வழுக்குதான்னு பார்க்க: இன்ஜினை நிறுத்தி, கில் சுவிட்ச் கிளிப்பை (எடுத்தா இன்ஜின் ஓடாது) எடுத்துட்டு, நடுக்குழாய் முகத்திலிருந்து பிளேடு பக்கம் வரை மார்க்கர்ல ஒரே நேர்க்கோடு போடுங்க. கொஞ்சம் ஓட்டிட்டு மறுபடி கிளிப்பை எடுத்துட்டுப் பாருங்க. கோடு ரெண்டா விலகியிருந்தா புஷ் போச்சு.

லகூன்_பயணி: 9.9, 2 ஸ்ட்ரோக். ரிவர்ஸ்ல கொடுத்தும் அதேதான். மெதுவா கொடுத்தா நகருது.

கோடியக்கரை_காத்து: மெதுவா நகருதுன்னா புஷ்தான். பாசி சுத்தினா மெதுவாவும் இழுக்காது, ரிவர்ஸ்ல கொஞ்சமாவது மாறியிருக்கும்.

அலையாத்தி: நரம்பை விட்டுடாதீங்க. புரொப்பல்லரைக் கழட்டிப் பார்க்கணும். பிளேடுக்கும் மேல் தட்டுக்கும் நடுவுல மரக்கட்டை சொருகி, காட்டர் பின்னை (நட்டு கழராம மடக்கி விட்டிருக்கிற கம்பி) நேராக்கி உருவி, நட்டைத் திருப்பணும். உள்பக்கம் இருக்கிற கனமான வாஷர் ஒட்டிக்கிட்டு வந்து தண்ணிக்குள்ள விழுந்துடும், கீழ ஒரு துணி பிடிங்க. அதுக்குப் பின்னால நரம்பு இருந்தா ஆயில் சீலை அறுத்திருக்கும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா ஓட்டாதீங்க.

துறைமுகம்72: அவசரத்துக்கு ஹப்பையும் (புரொப்பல்லரோட நடுப்பகுதி) புஷ்ஷையும் சேர்த்து ஓட்டை போட்டு போல்ட் இறுக்கலாம்.

பழைய_சுக்கான்: அப்புறம் அலையாத்தி வேர்ல ஒரு தட்டு தட்டினா போல்ட் வழுக்காது, கியர்தான் உடையும். ரெண்டு புரொப்பல்லர் காசுக்கு வேலை வச்சுடும்.

வெண்ணாறு_மேற்கு: அதை விடுங்க. நீங்க நிக்கிற துறை கோரையாத்துல இருக்கு, அதுல மன்னார்குடிக்கு எப்படிப் போவீங்க? மன்னார்குடி பாமணியாத்துல இல்ல இருக்கு! ரெண்டும் நீடாமங்கலம் மூணாறு தலைப்புல பிரிஞ்சு, இந்த லகூன்லதான் வந்து விழுது.

துறைமுகம்72: ஜூன்ல மேட்டூர் திறந்து தண்ணி வந்துட்டா, எந்த ஆத்துலயும் சின்னப் படகு போகும்.

வெண்ணாறு_மேற்கு: போகும், முதல் சட்ரஸ் (ஷட்டர் வச்ச தடுப்பணை) வரை! உப்புத் தண்ணி மேல ஏறாம தடுக்கவே கடைமடையில கட்டியிருக்காங்க. படகு ஏறி இறங்க லாக் கிடையாது. ஷட்டர் திறந்திருக்கிறப்ப இழுப்பு வேற. அங்க போய் மாட்டிக்காதீங்க.

துறைமுகம்72: வேதாரண்யம் கால்வாயில அந்தக் காலத்துல படகுலதான் உப்பு கொண்டு போனாங்க. அது வெட்டினது 1860கள்ல, நாகப்பட்டினம் வரை.

வெண்ணாறு_மேற்கு: அது கடலோரமா போற கால்வாய், இது ஆறு. ரெண்டையும் குழப்பாதீங்க.

கோடியக்கரை_காத்து: சண்டை அப்புறம். பயணி, லகூனுக்குள்ள திரும்பப் போகாதீங்க. வத்தத்துல (கடல் தண்ணி இறங்குறப்ப) சேத்துல உக்காந்துடுவீங்க. ஏத்தம் இருக்கிறப்பவே கால்வாசி ஆக்ஸிலேட்டர்ல துறைக்கு ஒதுங்குங்க. திடீர்னு கூட்டினா மறுபடி வழுக்கும், சூடேறின ரப்பர் இன்னும் மோசமாகும். துடுப்பு கையில இருக்கட்டும். இருட்டுறதுக்குள்ள கட்டுங்க. அனுமதிச் சீட்டு இருக்கில்ல? வனத்துறை கேப்பாங்க.

லகூன்_பயணி: கோடு விலகிடுச்சு. மெதுவா வந்து துறையில கட்டியாச்சு. நன்றி.

அலையாத்தி: பழைய புரொப்பல்லரைத் தூக்கிப் போடாதீங்க, புஷ் மட்டும் மாத்தலாம். ஹப்புல அளவும் பிட்சும் (ஒரு சுத்துக்கு முன்னேற வேண்டிய தூரம்) அடிச்சிருக்கும், அதை இங்க எழுதுங்க. கியர் ஆயில் பார்த்தீங்களா?

பழைய_சுக்கான்: இனி வர மாட்டார்.