1942 பர்மா நடைப்பயணம்: தாத்தா வந்த வழியை உறுதிசெய்ய உதவி தேவை

ரங்கூன் அரிசி ஆலையொன்றில் கணக்கெழுதிய என் தாத்தாவின் வாழ்க்கையை அக்கால வரலாற்றோடு சேர்த்து எழுதிவருகிறேன். அவர் இந்தியாவுக்கு நடந்து வந்த பகுதியில் எழுத்து நின்றுவிட்டது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியர் குண்டு வீசியபோது அவர் ரங்கூனில் இருந்தார் என்பது உறுதி. அதன்பின் அரக்கான் மலைத்தொடரிலுள்ள டவுங்குப் கணவாயைக் கடந்து கடற்கரை வழியாகச் சிட்டகாங் வந்தாரா, மணிப்பூர் எல்லையோரப் பர்மிய ஊரான தமு வழியாக இம்பால், திமாப்பூர் சேர்ந்தாரா என்பது தெரியவில்லை. மலையேறியதையும் இறுதியில் ரயில் ஏறியதையும் மட்டுமே அவர் சொல்லியிருக்கிறார். கடற்கரை வழியில் வந்திருந்தால் படகேறியிருக்கக்கூடும்; படகைப் பற்றிப் பேச்சே இல்லாததால் தமு வழி என்றே எனக்குத் தோன்றுகிறது; ஆயினும் மௌனத்தைச் சான்றாகக் கொள்ள மனம் ஒப்பவில்லை. உறவினர்களை விசாரித்தாயிற்று, கடிதங்களில் தேதியில்லை, இணைய ஆவணத் தொகுப்புகளில் பொது அறிக்கைகளே கிடைத்தன. அகதிகளைப் பெயர்வாரியாகப் பதிந்த முகாம் பதிவேடுகளை எங்கேனும் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?