அடர்த்திச் சரிவில் மட்டும் எஃப்.டி.டி.டி கணக்கீடு நிலைகுலைவது ஏன்?

கேள்வி:
மின்காந்தப் புலங்களை இடத்திலும் காலத்திலும் சிறு படிகளாகப் பிரித்துக் கணக்கிடும் எஃப்.டி.டி.டி முறையைப் பயன்படுத்துகிறேன். கணக்கிடும் தளத்துக்குச் செங்குத்தாக 1 டெஸ்லா காந்தப்புலம் உள்ள குளிர் பிளாஸ்மாவுக்குள் (துகள்களின் வெப்ப இயக்கத்தைப் புறக்கணித்த பிளாஸ்மா), 40 கிகாஹெர்ட்ஸ் எக்ஸ் முறை அலையை (மின்புலம் அந்தக் காந்தப்புலத்துக்குச் செங்குத்தாக அமைந்த அலை) இருபரிமாண யீ வலையில் (புலக் கூறுகளை ஒன்றுக்கொன்று அரைக் கட்டம் விலக்கி வைக்கும் வலை) செலுத்துகிறேன். கட்ட அளவு 0.25 மி.மீ.; காலப்படி கூரன்ட் வரம்பை (கணக்கீடு நிலைகுலையாதிருக்க அனுமதிக்கப்படும் மிகப் பெரிய காலப்படி) ஒட்டியது. மின்னோட்டக் கூறு ஒவ்வொன்றும் அதற்குரிய மின்புலக் கூறு இருக்கும் இடத்திலேயே இருப்பதால், லோரன்ஸ் விசைக்குத் தேவையான மற்றொரு கூறைச் சுற்றியுள்ள நான்கு புள்ளிகளின் சராசரியாக எடுக்கிறேன். சீரான அடர்த்தியில் சிக்கல் இல்லை. ஆனால் எலக்ட்ரான் அடர்த்தி கன மீட்டருக்கு 0 முதல் 2×10¹⁹ வரை ஏறும்படி வைத்தால், புலம் அடுக்கேற்றமாகப் பெருகிவிடுகிறது. காலப்படியைப் பாதியாக்கியும் பயனில்லை.

மறுமொழி 1:
காலப்படியைக் குறை சொல்ல முடியாது. 1 டெஸ்லாவில் சைக்ளோட்ரான் அதிர்வெண், அதாவது காந்தப்புலத்தைச் சுற்றி எலக்ட்ரான் சுழலும் அதிர்வெண், 28 கிகாஹெர்ட்ஸ். உங்கள் காலப்படி ஏறக்குறைய 0.6 பிகோநொடி, ஆகவே ஒரு படியில் எலக்ட்ரான் 0.1 ரேடியன்தான் திரும்புகிறது. கோளாறு அந்தச் சராசரியில் இருக்கிறது. காந்த விசை வேலை செய்வதில்லை என்ற விதியை உங்கள் நிரல் மீறுகிறது. எலக்ட்ரான்களின் இயக்க ஆற்றல், மின்னோட்டத்தின் இருபடியை அவ்விடத்து அடர்த்தியால் வகுத்த அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அடர்த்தி மாறும் இடத்தில் ஒன்றுக்கொன்று அரைக் கட்டம் விலகிய இரு கூறுகளும் வெவ்வேறு எடையைப் பெறுகின்றன; ஒன்று இழந்ததை மற்றது அப்படியே பெறாமல், மிச்சம் படிப்படியாகச் சேர்கிறது. சீரான அடர்த்தியில் எடைகள் சமம், அதனால்தான் அங்கே தப்பித்தீர்கள்.

மின்னோட்டத்தைப் பிளாஸ்மா அதிர்வெண்ணால் (அடர்த்தியின் இருபடி மூலத்துக்கு நேர்விகிதமான, எலக்ட்ரான்களின் இயல்பு அதிர்வெண்) வகுத்து அதையே மாறியாகக் கொள்வது ஒரு வழி. ஆனால் அதில் சுழற்சி அண்டைக் கட்டங்களைப் பிணைக்கும். நான் விரும்புவது வேறு: மின்னோட்டக் கூறுகள் அனைத்தையும் கட்ட மூலையில் வைத்து, மின்புலத்தை அங்கே சராசரியாக்கி, போரிஸ் முறையில் (வேகத்தின் அளவை மாற்றாமல் திசையை மட்டும் சுழற்றும் முறை) சுழற்றி, அதே சராசரியின் இடமாற்று அணியை (நிரை, நிரல்களை மாற்றிய அணி) கொண்டு மின்னோட்டத்தைத் திருப்பி அனுப்புங்கள். இடமாற்று அணியாகவே இருக்க வேண்டும். அங்கே வேறொரு சராசரியைப் புகுத்தினால் பழைய நோய் திரும்பிவிடும்.

மறுமொழி 2:
அதன் பின்னரும், அடர்த்தி 10¹⁹ஐ ஒட்டிய இடத்தில் புலம் குவியும். அது அப்பர் ஹைபிரிட் ஒத்ததிர்வு (பிளாஸ்மா, சைக்ளோட்ரான் அதிர்வெண்களின் இருபடிக் கூட்டல் அலை அதிர்வெண்ணின் இருபடிக்குச் சமமாகும் இடம்), இயற்பியல் சார்ந்தது. இரண்டையும் பிரித்தறிய அலைமூலத்தை நிறுத்திப் பாருங்கள்: எண்முறைக் கோளாறென்றால் ஆற்றல் தொடர்ந்து ஏறும், ஒத்ததிர்வென்றால் ஏற்றம் நின்றுவிடும்.

கேட்டவர்:
மூலைக்கு மாற்றினேன். அலைமூலத்தை நிறுத்திய பின் ஆற்றல் ஏறவில்லை. ஒத்ததிர்வு அடுக்கில் மட்டும் சதுரங்கப் பலகைபோல் கட்டத்துக்குக் கட்டம் குறி மாறும் புலம் தெரிந்தது. எலக்ட்ரான்களின் ஆற்றலைச் சற்றே இழக்கச் செய்யும் சிறிய மோதல் அதிர்வெண் ஒன்றைச் சேர்த்ததும் அது அடங்கிவிட்டது.