வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலிருந்து ஏர் ஆம்புலன்ஸ்: கொட்டேஷனில் வரும் சொற்கள், உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

வேலூர் உறுப்பினர்:
காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் நடத்துகிறேன். தங்குவோர் பெரும்பாலும் வங்காளம், அசாம், ஜார்க்கண்டிலிருந்து சி.எம்.சி.க்கு வரும் குடும்பங்கள். நோயாளியை ரயிலில் கொண்டுபோக முடியாத நிலை வந்தால் ஏர் ஆம்புலன்ஸ் கொட்டேஷனை நீட்டி, "தாதா (அண்ணா), இதெல்லாம் என்ன?" என்று கேட்பார்கள்.

சமீபத்தில் வந்த கொல்கத்தா பையன் கலங்கிப் போயிருந்தான். கிங் ஏர் மாதிரி சின்ன விமானத்தில் சென்னையிலிருந்து கொல்கத்தா மூன்று மணி நேரம்தான். பில்லிலோ ஒன்பது மணி நேரத்துக்கு மேல். காரணம், விமானத்தின் 'பேஸ்', அதாவது அது வழக்கமாக நிற்கும் ஊர், டெல்லி. அங்கிருந்து சென்னைக்குக் காலியாக வர வேண்டும், கொல்கத்தாவில் இறக்கிவிட்டுக் காலியாகவே டெல்லி திரும்ப வேண்டும். இந்தக் காலிப் பயணத்துக்குப் பெயர் 'பொசிஷனிங்' அல்லது 'ஃபெரி'. அதையும் நாம்தான் கட்டுகிறோம். மணிக்கணக்கும் 'பிளாக் டைம்'படிதான்: விமானம் நிறுத்திய இடத்தை விட்டு நகர்ந்தது முதல் போய் நிற்பது வரை. அதனால் விலை கேட்கும் முன் பேஸ் எங்கே என்று கேளுங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ நிற்கும் விமானம் கிடைத்தால் தொகை நன்றாகவே குறையும். அந்தப் பையனுக்கும் அப்படித்தான் வேறு ஒன்று பார்த்தோம்.

ராணிப்பேட்டை உறுப்பினர்:
அண்ணா சொன்னது சரி. 'பெட் டு பெட்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வார்டு படுக்கையிலிருந்து அந்த ஊர் ஆஸ்பத்திரிப் படுக்கை வரை அவர்கள் பொறுப்பு. இல்லையென்றால் ஏர்போர்ட்டிலிருந்து ஏர்போர்ட் வரைதான். வேலூர் பக்கத்து அப்துல்லாபுரம் விமான நிலையத்தில் ஓடுதளம் சிறியது, ஆகவே சென்னைக்குத்தான் போக வேண்டும். சுமார் 130 கி.மீ. ஐ.சி.யு. ஆம்புலன்ஸ் செலவு தனி. என் மாமாவுக்கு இது கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. மாமி வளையலை அடகு வைத்தார்கள். இதை முதலிலேயே சொல்லாத ஏஜென்ட் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஆம்பூர் உறுப்பினர்:
ஷூ கம்பெனியில் வேலை. எங்கள் முதலாளி மும்பைக்கு 'எம்ப்டி லெக்' எடுத்தார். யாரையோ இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் விமானம், விலை நல்ல மலிவு. ஆனால் தேதியும் நேரமும் அந்த முதல் ஆள் கையில். அவர் பயணத்தை மாற்றினார், எங்களுடையதும் போனது. வியாபாரத்துக்குச் சமாளிக்கலாம், நோயாளிக்கு இதை நம்பாதீர்கள்.

வேலூர் உறுப்பினர்:
நன்றி தம்பி. இன்னொன்று: பேசுகிறவர் பெரும்பாலும் புரோக்கர், விமானம் வேறு கம்பெனியுடையது. அந்தக் கம்பெனிக்கு டி.ஜி.சி.ஏ. (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககம்) கொடுக்கும் 'என்.எஸ்.ஓ.பி.', அதாவது விமானத்தை வாடகைக்கு ஓட்டும் அனுமதி, இருக்க வேண்டும். அது இல்லாத சொந்த உபயோக விமானத்தை வாடகைக்கு விடக்கூடாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அனுமதி நகலும், 'வி.டி.' என்று தொடங்கும் விமானப் பதிவெண்ணும் வாங்கிவிடுங்கள். ஜி.எஸ்.டி., லேண்டிங், பார்க்கிங், இரவு தங்கினால் பைலட் செலவு, ரத்துக் கட்டணம் எல்லாம் எழுத்தில் வேண்டும். கவுகாத்திப் பக்கம் அனுப்பியவர்கள் இருந்தால் எழுதுங்கள், இப்போது ஒரு குடும்பம் கேட்டுக்கொண்டிருக்கிறது.