சூசைக்கு இன்னும் ஒரு டிக்குதான்

குழு: பாம்பன் பெரிய வீடு
7 ஆகஸ்ட் 2025, வியாழன்

இரவு 7:41
அருளப்பன் சித்தப்பா: எல்லாரும் கவனிங்க. தேசிய தொலைத்தொடர்புக் கொள்கை 2025க்கு மத்திய அரசு வரைவு போட்டு, மக்கள்கிட்ட கருத்து கேட்டிருக்கு. போன மாசக் கடைசியில வந்தது. 21 நாள்தான் தவணை, மிச்சம் ஒரு வாரம்தான். 2018 கொள்கைக்கு அடுத்து இதுதான். நம்ம வீட்லருந்து ஒரு மனு போயே ஆகணும். சூசை கடலுக்குப் போயிட்டான், வந்ததும் கேட்டுக்கிறேன். மத்தவுக இப்பவே சொல்லுங்க.

7:44
ரோஸி அக்கா: வேளாங்கண்ணி வேனுக்கு யாரு யாரு வர்றீக? 17 சீட்டு. டிரைவர் நாளைக்கே அட்வான்ஸ் கேக்குறாரு

7:44
மதலேன் அத்தை: எனக்கு ரெண்டு

7:45
கென்னடி அண்ணன்: சித்தப்பா கையெழுத்து மட்டும் கேக்காதீக

7:46
அருளப்பன் சித்தப்பா: கென்னடி, வல்லம் படகு வித்த கதைய இங்க எடுக்காத.

7:46
கென்னடி அண்ணன்: வல்லம்னு நான் வாயே திறக்கலையே

7:47
மதலேன் அத்தை: ஆரம்பிச்சுட்டாக 🙏

7:55
அருளப்பன் சித்தப்பா: வரைவ முழுசாப் படிச்சுட்டேன். 2030க்குள்ள மக்கள்தொகையில 100 சதவீதத்துக்கு 4ஜி, 90 சதவீதத்துக்கு 5ஜி. 10 கோடி வீட்டுக்கு பிராட்பேண்ட். 10 லட்சம் இடத்துல பொது வைஃபை. 10 லட்சம் புது வேலை. எல்லாம் வேணும், வரட்டும். ஆனா "மக்கள்தொகை"ங்கிற வார்த்தைய நிதானமா பாருங்க. அது வீட்டுக் கணக்கு. பாம்பன்ல குடியிருக்கிற சூசை அதுல வந்துருவான். குருசடைத் தீவுக்கு வெளிய வலைய விட்டுட்டு ராத்திரி மூணு மணிக்குப் படகு அணியத்துல உக்காந்திருக்கிற சூசை வரமாட்டான். தண்ணிக்கு மேல யாருக்கும் கதவு நம்பர் கிடையாது. நாளைக்கு 100 சதவீதமும் முடிஞ்சதுன்னு அறிக்கை வரும். அன்னைக்கும் அவன் போன் செத்துத்தான் கிடக்கும்.

7:57
டேவிட் (துபாய்): 👍👍

7:57
ரோஸி அக்கா: டேவிட் வேனுக்கா?

7:58
டேவிட் (துபாய்): சித்தப்பாவுக்குக்கா

8:03
ஸ்டெல்லா: போன செவ்வாக்கிழமை பாப்பாவுக்கு 103 காய்ச்சல். கடலுக்குப் போன எங்க வீட்டுக்காரருக்கு 11 தடவ அடிச்சேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்னு அந்தப் பொண்ணு திரும்பத் திரும்பச் சொல்லுது. நானும் அத்தையும்தான் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். விடிஞ்சு கரைக்கு வந்தப்பறம்தான் அவுகளுக்கே தெரியும்

8:04
ரோஸி அக்கா: இப்ப எப்படி இருக்கா

8:04
ஸ்டெல்லா: பரவால்லக்கா

8:09
கென்னடி அண்ணன்: தனுஷ்கோடிப் பக்கம் போனா இலங்கை டவர் எடுக்குது. இலங்கைக்கு நல்வரவுன்னு மெசேஜ் வருது. போன வருசம் ரோமிங்னு 840 ரூவா பிடிச்சுட்டான். கேட்டா, வெளிநாடு போனீங்களா சார்ங்கிறான். நான் எல்லைகிட்டகூடப் போகல

8:10
அருளப்பன் சித்தப்பா: இதத்தான் எழுதணும்!! பில்லு இருக்கா?

8:12
கென்னடி அண்ணன்: தேடணும்

8:15
மதலேன் அத்தை: போட்ல டிரான்ஸ்பாண்டர் மாட்டுனா டீசல் மானியத்த நிறுத்திருவாகளாம்ல. ஐஸ் கம்பெனில பேசிக்கிறாக

8:22
அருளப்பன் சித்தப்பா: மதலேன், உத்தரவு இருந்தா காட்டச் சொல்லு. இல்லாட்டி பரப்பாத. அது இஸ்ரோ உண்டாக்குன கருவி. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துல 1 லட்சம் படகுக்கு 364 கோடி ஒதுக்கி இலவசமாத் தர்றாக. கரையும் படகும் மாத்தி மாத்திச் சின்னச் செய்தி அனுப்பிக்கலாம், ஆபத்துன்னா பட்டன அமுக்கலாம். 2017 ஒக்கியில கன்னியாகுமரி ஆளுக எத்தன பேருக்குப் புயல் சேதியே போய்ச் சேரல, நெனைச்சுப் பாரு. கருவி வேணும். ஆனா ஸ்டெல்லா அதுல கூப்பிட்டுப் பேச முடியாதுல்ல. அது வேற, இது வேற.

8:23
மதலேன் அத்தை: நான் கேள்விப்பட்டதச் சொன்னேன்

8:26
டேவிட் (துபாய்): வரைவு இங்கிலீஷ்ல இருக்கு. தமிழ்ல எழுதுனா எடுப்பாகளா?

8:34
அருளப்பன் சித்தப்பா: 2020ல சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவுக்கும் இதே கேள்விதான். இங்கிலீஷ், இந்தின்னு போட்டாக. ஒருத்தர் வழக்குப் போட்டாரு, 22 மொழியிலயும் போடுன்னு டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. அடுத்து 2021ல நீலப் பொருளாதாரக் கொள்கை வரைவு. நம்ம கடலப் பத்தினது! பிப்ரவரி 17ல அறிவிச்சு 27க்குள்ள எழுதச் சொன்னாக. பத்தே நாள். எனக்குத் தெரிஞ்சப்ப மார்ச் ஆயிருச்சு. 31 வருசம் வாத்தியாரா இருந்தவனுக்கே தெரியலன்னா வலை பின்னுறவனுக்கு யாரு சொல்லுவா? அந்த வருத்தம் இன்னும் தீரல. இந்தத் தடவ விடமாட்டேன்.

8:36
ஜெனி (மதுரை): சின்னத் தாத்தா தமிழ்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் இங்கிலீஷ்ல அடிச்சுத் தர்றேன். திங்கக்கிழமை இன்டர்னல் இருக்கு, அதுக்கு முன்னாடி குடுத்துருங்க

8:37
கென்னடி அண்ணன்: மொதல்ல படி

8:37
ஜெனி (மதுரை): அப்பா 😑

8:41
டேவிட் (துபாய்): கரையிலருந்து 12 கடல் மைல் வரைக்கும் சிக்னல் வேணும்னு கேப்பமா

8:43
கென்னடி அண்ணன்: தனுஷ்கோடில 12 போறதுக்குள்ள எல்லை வந்துரும்டா. துபாய்ல உக்காந்து மைல் சொல்றான்

8:50
அருளப்பன் சித்தப்பா: கென்னடி சொல்றது சரி. அதனால இப்படி: ஒண்ணு, மக்கள்தொகையோட மீன்பிடிக் கடலையும் கணக்குல சேர்க்கணும், எல்லை வரைக்கும். ரெண்டு, நம்ம தண்ணில நிக்கிறப்ப அடுத்த நாட்டு டவர் எடுத்தா காசு பிடிக்கக் கூடாது. மூணு, இனிமே இந்த மாதிரி வரைவத் தமிழ்லயும் போட்டு, மீன்வளத்துறை ஆபீஸ்லயும் ஏலக்கூடத்துலயும் ஒட்டணும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல பத்து நிமிசம் நில்லுங்க, பேசி முடிச்சுருவோம்.

8:52
ரோஸி அக்கா: வேன் காசும் அங்கயே வாங்கிக்கிறேன். இதுவரைக்கும் 9 சீட்டுதான்

8:58
கென்னடி அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

8:59
மதலேன் அத்தை: என்னத்தப் போட்டு அழிச்ச

9:06
கென்னடி அண்ணன்: பேரு வேணா போட்டுக்கங்க சித்தப்பா. ரோமிங் கதைய நானே எழுதித் தர்றேன். கையெழுத்து ஞாயித்துக்கிழமை பாப்போம்

9:07
அருளப்பன் சித்தப்பா: சரிப்பா. எழுதிக் கொண்டா.

9:30
அருளப்பன் சித்தப்பா: சூசை, இதப் பாத்தா கரைக்கு வர்றப்ப சிக்னல் எந்த இடத்துல கிடைக்குதுன்னு ஜிபிஎஸ்ல பாத்துக் குறிச்சுக்க. மனுவுல போடணும்.

9:31
ஸ்டெல்லா: அவுகளுக்கு இன்னும் ஒரு டிக்குதான் மாமா

8 ஆகஸ்ட் 2025, வெள்ளி

காலை 5:16
சூசை: குருசடை தாண்டி வந்துக்கிட்டிருக்கோம். எல்லா மெசேஜும் ஒட்டுக்கா விழுது. என்ன மனு?

5:16
அருளப்பன் சித்தப்பா: சிக்னல் எங்க வந்துச்சு? குறிச்சியா?

5:19
சூசை: மெசேஜே இப்பதான பாக்குறேன். வலை பாறைப் பார்ல மாட்டிருச்சு சித்தப்பா, அதப் பாக்கவே சரியாப் போச்சு. அடுத்த நடை குறிச்சுட்டு வர்றேன்

5:20
அருளப்பன் சித்தப்பா: அடுத்த நடை எப்ப?

5:21
சூசை: காத்தப் பொறுத்து. கச்சான் ஏறுது. பாப்பாவுக்கு எப்படி?

5:21
ஸ்டெல்லா: நல்லாருக்கா. தூங்குறா

5:22
சூசை: கணவாய் கொஞ்சம் இருக்கு, குந்துகால் கரைக்கு ஐஸ் பெட்டி குடுத்து விடு

5:24
ரோஸி அக்கா: சூசை வேனுக்கு எத்தன சீட்டு