அத்தையின் கார்டில் மாதாமாதம் கேம் சந்தா: எப்படி நிறுத்துவது?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. தென்னாப்பிரிக்கா, டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். என் அத்தையின் கார்டு ஸ்டேட்மென்டில் மாதாமாதம் ஒரு கேம் சந்தா கழிகிறது. அவருக்குக் கேமும் தெரியாது, கன்சோலும் தெரியாது. அந்த வரியில் இருப்பது சுருக்கிய நாலைந்து எழுத்து, நீளமாக ஓர் எண், அப்புறம் ஒரு வெளிநாட்டு ஊர்ப்பெயர். கீழேயே வெளிநாட்டுக் கட்டணம் என்று சில்லறை வேறு. தொகை மாதத்துக்கு மாதம் கொஞ்சம் மாறுகிறது. டாலரில் எடுத்து ராண்டாக மாற்றுகிறார்கள் போல.

வீட்டுப் பிள்ளைகளின் கணக்குகளைத் திறந்து பார்த்தாயிற்று, எதிலும் இந்தக் கார்டு இல்லை. வங்கியில் கேட்டால், இது டெபிட் ஆர்டர் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் எடுக்கும் ஏற்பாடு) இல்லை, கார்டு பரிவர்த்தனை, சார்ஜ்பேக் (கார்டில் போன பணத்தைத் திருப்பிக் கேட்கும்) படிவம் கொடுங்கள் என்கிறார்கள். சரி, கொடுக்கலாம். ஆனால் கார்டை மாற்றினாலும் புது எண் தானாகவே சந்தா நிறுவனத்துக்குப் போகும் ஏற்பாடு உண்டாமே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. அதை நிறுத்தச் சொல்லி வங்கியில் கேட்டவர்கள் உண்டா?

கேம் நிறுவனத்திடம் முதலில் எழுதிக் கேட்க வேண்டுமா? கடைசி நான்கு எண்ணை வைத்து யார் கணக்கு என்று சொல்வார்களா? பழைய மாதப் பணமும் திரும்புமா? வங்கி கைவிரித்து, 2024-இல் தொடங்கிய தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போனவர்கள் இருந்தால் எவ்வளவு நாள் பிடித்தது என்று சொல்லுங்கள்.

கார்டு எண், ஓடிபி கேட்டுத் தனியாகச் செய்தி அனுப்புபவர்களுக்குப் பதில் கிடையாது.